பவுல் போகாத ஊர்: பித்தினியா வழியே ஒரு வரலாற்றுப் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் ‘செவ்வியல் உலகம்’ பாடம். கரும்பலகையில் ‘பொ.ஆ. 30’ என்று எழுதினேன். “சார், அது கி.பி.தானே?” என்றான் ஒரு மாணவன். ஆமாம், பழைய புத்தகங்களில் கி.பி., இப்போது பொது ஆண்டு என்றேன். அவன் விடவில்லை. “கி.பி.ன்னா கிறிஸ்துவுக்குப் பின்னாடி. அப்போ கி.பி. ஒண்ணுலயே எல்லாருக்கும் அவரைத் தெரியுமா சார்? நாள்காட்டியே மாத்திட்டாங்களே!”

கேட்டதும் வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளாக இந்தப் பகுதியை நடத்தியும் இப்படி ஒரு எண்ணம் பிள்ளைகள் மனதில் இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. அந்த ஆண்டுக்கணக்கு இயேசு வாழ்ந்த காலத்தில் உருவானதே அல்ல. ரோமில் வாழ்ந்த டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி, ஈஸ்டர் நாளைக் கணக்கிடும் வேலையின்போது, 525ஆம் ஆண்டு வாக்கில் அதை வகுத்தார். பரவலாகப் புழங்க மேலும் சில நூற்றாண்டுகள் ஆயின. அதிலும் ஒரு பிசகு உண்டு. இயேசு ஏரோது மன்னன் காலத்தில் பிறந்ததாக மத்தேயு நற்செய்தி சொல்கிறது. ஏரோது இறந்தது பொ.ஆ.மு. 4இல் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணக்கு. அப்படியானால் கிறிஸ்து பிறந்தது ‘கிறிஸ்துவுக்கு முன்’! இதைச் சொன்னதும் வகுப்பு உண்மையாகவே விழித்துக்கொண்டது.

மாணவனின் கேள்விக்குப் பின்னால் இருப்பது ஒரு பொதுவான பிழை. இன்று பெரிதாக இருக்கும் ஒன்று தொடக்கத்திலேயே பெரிதாக இருந்திருக்கும் என்ற எண்ணம். பாடநூலில் சில பத்திகளுக்குள் இயேசுவும் பவுலும் கான்ஸ்டன்டைனும் வந்துபோவதால் பிள்ளைகள் இடையில் உள்ள முந்நூறு ஆண்டுகளை உணர்வதே இல்லை. ‘இயேசு போதித்தார், பவுல் பரப்பினார், கான்ஸ்டன்டைன் ஏற்றார்’ என்று மூன்று பேர் கதையாகத் தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அந்த முந்நூறு ஆண்டுகளை வகுப்பில் எப்படிக் காட்டுவது? நான் கண்ட வழி, ஒரே ஒரு மாகாணத்தைப் பிடித்துக்கொள்வது. அதன் பெயர் பித்தினியா. இன்றைய துருக்கியின் வடமேற்கில், கருங்கடல் ஓரம், இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே இருந்த ரோமானிய மாகாணம்.

அங்கே போவதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

கதை என்ற சொல்

முன்பு ஒருமுறை இதே பகுதியை அவசரமாக நடத்தியபோது, “மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று ஒரு கதை உண்டு” என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி புத்தகத்தை மெல்ல மூடி வைத்தாள். அந்தப் பாடவேளை முடியும்வரை திறக்கவில்லை. நான் இழிவாக எதையும் நினைத்துச் சொல்லவில்லைதான். ஆனால் தமிழில் ‘கதை’ என்றால் ‘கதை விடுகிறான்’ என்பதும் சேர்ந்தே வருகிறது. இன்னொரு வகுப்பில் நேர்மாறாக நடந்தது. நான் நற்செய்திச் செய்திகளை அப்படியே நடந்தவையாக ஒப்பித்தபோது, “சார், இது மதப் பாடமா?” என்று கேட்டான் ஒருவன். இரண்டு இடத்திலும் தவறு என்னுடையதே.

அதன்பிறகு கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் ‘சான்று காட்டுவது’, மறுபக்கம் ‘அவர்கள் நம்பியது’. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பது இரண்டாம் பக்கத்தில் வரும். ஆனால், இயேசு இறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அவருடைய சீடர்கள் அவர் உயிர்த்தெழுந்தார் என்று நம்பினார்கள், அதற்காகத் துன்பப்படவும் ஆயத்தமாக இருந்தார்கள் என்பது முதல் பக்கத்தில் வரும். அந்த நம்பிக்கை இல்லாமல் அடுத்து நடந்த எதையும் விளக்க முடியாது. நம்பிக்கை சரியா தவறா என்று தீர்ப்பளிப்பது வரலாற்று வகுப்பின் வேலை அல்ல. அது யாரை என்ன செய்ய வைத்தது என்று பார்ப்பதே நம் வேலை. புத்தர், மகாவீரர், நபிகள் நாயகம் பற்றிய பாடங்களுக்கும் இதே கோட்டைப் போடுகிறேன். எல்லாருக்கும் ஒரே கோடு என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் புத்தகத்தை மூடுவதில்லை.

தொடக்கம் சிறியது

ஜெருசலேமை ரோமானியர் பொ.ஆ.மு. 63இல் கைப்பற்றினர். யூதேயாவின் ஆளுநராகப் பொந்தியு பிலாத்து பொ.ஆ. 26 முதல் 36 வரை இருந்தார். அவர் காலத்தில், ஏறத்தாழ பொ.ஆ. 30இல், கலிலேயாவின் நாசரேத்தைச் சேர்ந்த இயேசு சிலுவையில் அறையப்பட்டார். சிலுவை மரணம் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோம் அளித்த தண்டனை. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் ஒன்று 1961இல் செசரியா நகரின் பழைய அரங்கத்தில் கிடைத்தது. எப்போதோ அதைப் பெயர்த்து எடுத்துப் படிக்கட்டுக் கல்லாகப் போட்டிருந்தார்கள். நம் ஊரில் கல்வெட்டுகள் துணி துவைக்கும் கல்லாகக் கிடப்பது பிள்ளைகளுக்குத் தெரியும் என்பதால் இந்தச் செய்தி உடனே பதியும்.

இயேசுவின் சீடர்கள் அனைவரும் யூதர்கள். புதிய மதம் ஒன்றைத் தொடங்குவதாக அவர்கள் நினைக்கவில்லை. யூத மறைநூல் சொன்ன மீட்பர் வந்துவிட்டார் என்பதே அவர்கள் செய்தி. இந்தச் செய்தி போவதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. அலெக்சாந்திரியா, அந்தியோகியா, ரோம் எனப் பல நகரங்களில் யூதர்கள் குடியேறியிருந்தனர். அவர்களுடைய ஜெப ஆலயங்களில் மறைநூல் கிரேக்கத்தில் வாசிக்கப்பட்டது. யூதரல்லாத சிலரும் அங்கே வந்து கேட்டனர். கிழக்கு மத்தியதரைக் கடல் முழுவதும் கிரேக்கம் பொதுமொழி. சாலைகளும் கப்பல் வழிகளும் ரோமின் பாதுகாப்பில் இருந்தன. அந்தியோகியாவில்தான் இவர்களுக்குக் ‘கிறித்தவர்கள்’ என்ற பெயர் முதலில் வந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது.

பவுலைப் பற்றிப் பாடநூலில் இருப்பதால் இங்கே சுருக்கமாகப் போகலாம். பொ.ஆ. 50களில் அவர் எழுதிய கடிதங்களே நமக்குக் கிடைத்துள்ள கிறித்தவ எழுத்துகளில் மிகப் பழையவை. நற்செய்தி நூல்கள் அதற்குப் பின் எழுதப்பட்டவை. இந்த வரிசை நம்மில் பலருக்கே தெரியாது. பவுல் கொரிந்து நகரில் இருந்தபோது அங்கே ஆளுநராக இருந்தவர் கல்லியோன். அவர் பெயரைச் சொல்லும் பேரரசர் கிளாடியசின் கடிதம் ஒன்று டெல்ஃபியில் கல்வெட்டாகக் கிடைத்துள்ளது. அதைக் கொண்டு அந்த நாள்களை 51, 52 எனக் கணிக்க முடிகிறது. ஒரு கல்வெட்டு எப்படி ஒரு மனிதரின் காலத்தை நிலைநாட்டுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி. அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு கொரிந்தில் தங்கி வேலை பார்த்தார். யூதரல்லாதவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ளாமலே சேரலாம் என்று ஏறத்தாழ 49இல் ஜெருசலேமில் எடுக்கப்பட்ட முடிவு, பரவலின் பெரிய தடையை நீக்கியது.

இனிதான் நம் மாகாணம். பவுல் பித்தினியாவுக்குப் போக முயன்றார், ஆனால் போகவில்லை என்று திருத்தூதர் பணிகள் நூலே சொல்கிறது. வரைபடத்தில் பவுலின் பயணங்களைச் சிவப்புக் கோட்டால் வரையச் சொல்வோம் அல்லவா? வரைந்து முடித்தபின் பித்தினியாவின்மேல் விரலை வைத்துக் கேளுங்கள்: இங்கே கோடு வரவில்லையே, இங்கே கிறித்தவம் வந்திருக்குமா? என் வகுப்பில் பெரும்பாலானோர் ‘வந்திருக்காது’ என்றுதான் கை தூக்கினார்கள்.

ஆளுநரின் கடிதம்

பொ.ஆ. 110 வாக்கில் பித்தினியா, பொந்து மாகாணத்தின் ஆளுநராக வந்தவர் இளைய பிளினி. வழக்கறிஞர், எழுத்தாளர், சட்டம் மீறாத மனிதர். எதற்கெடுத்தாலும் ரோமுக்குக் கடிதம் எழுதித் தெளிவுரை கேட்பவர். கல்வி அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்தியவர்களுக்கு இவரை உடனே பிடிக்கும். நீசேயா நகரில் கட்டி முடியாத அரங்கத்தின் சுவர் விரிசல் விடுகிறது, என்ன செய்யலாம்? நிக்கோமீடியா நகரில் பெருந்தீ பரவியது, 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கலாமா? பேரரசர் டிராஜன் இந்த இரண்டாவதற்கு மறுத்துவிட்டார். குழு என்று எந்தப் பெயரில் சேர்ந்தாலும் கடைசியில் அரசியல் கூட்டமாகிவிடுவார்கள் என்பது அவர் அச்சம். இதை மாணவர்களிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். தீயணைக்கக்கூட ஆட்கள் ஒன்றுசேர்வதை விரும்பாத அரசு, விடியலுக்கு முன் கூடும் ஒரு கூட்டத்தை எப்படிப் பார்த்திருக்கும் என்று பிறகு அவர்களே ஊகிப்பார்கள்.

112ஆம் ஆண்டு வாக்கில் பிளினி எழுதிய கடிதத்தின் சாரம் இது. கிறித்தவர்கள் எனக் குற்றம்சாட்டிச் சிலரை அழைத்து வந்திருக்கிறார்கள். இத்தகைய வழக்குகளை அவர் முன்பு பார்த்ததில்லை. பெயரே குற்றமா, அல்லது பெயரோடு சேர்ந்த செயல்கள் குற்றமா? சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே தண்டனையா? தெளிவுரை வேண்டும். அதுவரை அவர் செய்தது: நீ கிறித்தவனா என்று மூன்றுமுறை கேட்டார். உறுதியாக ஆமாம் என்றவர்களைக் கொல்ல உத்தரவிட்டார். ரோமானியக் குடியுரிமை உள்ளவர்களை ரோமுக்கு அனுப்பினார். இதற்கிடையில் கையொப்பமில்லாத ஒரு பட்டியல் வந்தது, அதில் பல பெயர்கள். இல்லை என்று மறுத்தவர்களைத் தெய்வங்களை வணங்கச் சொன்னார், பேரரசர் சிலைக்குச் சாம்பிராணியும் மதுவும் படைக்கச் சொன்னார், கிறிஸ்துவைச் சபிக்கச் சொன்னார். செய்தவர்களை விட்டுவிட்டார்.

முன்பு கிறித்தவர்களாக இருந்து விலகியவர்களிடம் விசாரித்ததில் தெரிந்தவை இவை: குறித்த நாளில் விடியலுக்கு முன் கூடுவார்கள். கிறிஸ்துவைத் தெய்வமாகக் கொண்டு பாடுவார்கள். திருடுவதில்லை, பிறன்மனை நாடுவதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை என உறுதி எடுப்பார்கள். கலைந்துபோய் மறுபடி கூடி உணவு உண்பார்கள், சாதாரண உணவு. ஆளுநர் கூட்டங்களைத் தடைசெய்தபின் அதையும் நிறுத்திவிட்டார்கள். நம்ப முடியாமல் பிளினி, சபையில் பொறுப்பில் இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். அளவுமீறிய மூடநம்பிக்கை தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று எழுதுகிறார்.

கடைசிப் பகுதிதான் வரலாற்றாசிரியருக்குப் பொன். எல்லா வயதினரும், எல்லாத் தரத்தினரும், ஆண்களும் பெண்களும் இதில் இருக்கிறார்கள். நகரங்கள் மட்டுமல்ல, சிற்றூர்களிலும் நாட்டுப்புறத்திலும் இது பரவிவிட்டது. கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்தன, பலி இறைச்சியை வாங்க ஆளில்லை. இப்போது, அதாவது தன் நடவடிக்கைக்குப் பின், நிலைமை மாறி வருகிறது என்கிறார்.

டிராஜனின் பதில் சுருக்கமானது. நீங்களாகத் தேடிப் போக வேண்டாம். குற்றம் உறுதியானால் தண்டியுங்கள், மறுத்து வணங்கினால் மன்னியுங்கள். மொட்டைக் கடிதங்களை ஏற்காதீர்கள், அது நம் காலத்துக்குத் தகாது.

இந்தச் சாரத்தை ஒரு பக்கத்தில் எழுதிப் படி எடுத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். கேள்விகள் நிறையத் தேவையில்லை. எழுதியவர் யார் பக்கம்? அவர் எதை மிகைப்படுத்த வாய்ப்புண்டு? எதை மிகைப்படுத்த அவருக்குக் காரணமே இல்லை? மூன்றாவது கேள்வியில்தான் வகுப்பு சூடுபிடித்தது. கோயில்கள் வெறிச்சோடின என்பதைப் பிளினி தன் வேலையைப் பெரிதாகக் காட்டக் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு குழு. நியாயமான ஐயம். ஆனால் அவர்கள் உறுதிமொழி நல்லதாக இருந்தது என்று எழுத அவருக்கு என்ன தேவை, தண்டித்தவரே அவர்தானே, ஆகவே அது நம்பத்தக்கது என்று இன்னொரு குழு. பகைவர் வாயிலிருந்து வரும் நற்சான்றுக்கு மதிப்பு அதிகம் என்பதை நான் சொல்லவில்லை, அவர்களே கண்டார்கள்.

“தேடிப் பிடிக்கக் கூடாதுன்னா குற்றம் இல்லைன்னு அர்த்தம். அப்புறம் ஏன் சார் தண்டனை?” என்று ஒரு மாணவி கேட்டாள். வட ஆப்பிரிக்கக் கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 197ஆம் ஆண்டு வாக்கில் இதே முரண்பாட்டைத்தான் சுட்டிக்காட்டி வாதிட்டார் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

யார் கொண்டுபோனார்கள்?

இப்போது வரைபடத்துக்குத் திரும்புவோம். பவுல் போகவில்லை. அரசன் ஆதரிக்கவில்லை. படையெடுப்பு இல்லை. ஆனால் இயேசு இறந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் பித்தினியாவின் சிற்றூர்களில் கிறித்தவர்கள் இருந்தார்கள். யார் கொண்டுபோனார்கள்? பெயர் தெரியாது. வணிகர்கள், கப்பலில் வந்தவர்கள், எசமானரோடு ஊர் மாறிய அடிமைகள், மணமாகி வந்த பெண்கள் என்று ஊகிக்கலாம். பவுலின் கடிதங்களில் இப்படிப்பட்டோரின் பெயர்கள் எட்டிப் பார்க்கின்றன. ரோமருக்கு எழுதிய கடிதத்தில் அவர் பரிந்துரைக்கும் பெபேயாள், கொரிந்துக்கு அருகில் கெங்கிரேயா துறைமுகத்துப் பெண். அக்கடிதத்தைக் கொண்டுசென்றவர் அவரே என்பது பல அறிஞர்களின் கருத்து. பிலிப்பி நகரில் முதலில் சேர்ந்த லீதியாள் செந்நிறச் சாயத்துணி விற்றவர். கூடியது வீடுகளில்தான். தனியாகக் கோயில் கட்ட வெகுகாலம் ஆனது. சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் துரா யூரோப்போஸ் என்ற ஊரில், 256இல் பாரசீகர் முற்றுகையின்போது மண்ணில் புதைந்த ஒரு வீட்டை 1930களில் தோண்டி எடுத்தனர். நடுச்சுவரை இடித்துக் கூடமாக்கி, ஓர் அறையில் திருமுழுக்குத் தொட்டி கட்டியிருந்தார்கள். கிறித்தவர் கூடிய இடங்களில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் அது ஒன்று, பார்வைக்கு வெறும் வீடு.

கணக்கு ஆசிரியரையும் இங்கே துணைக்கு அழைக்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1996இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். பொ.ஆ. 40இல் 1,000 கிறித்தவர்கள், பத்தாண்டுக்கு 40 விழுக்காடு வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்புக் கூட்டு வட்டிச் சூத்திரமே போதும். 100ஆம் ஆண்டில் 7,530. 200இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 18 ஆயிரம். 300இல் 63 இலட்சம், அதாவது 6 கோடிப் பேர் என மதிப்பிடப்படும் பேரரசில் பத்தில் ஒருவர். ஆண்டுக்கு எவ்வளவு வளர்ச்சி என்று பார்த்தால் 3.4 விழுக்காடுதான். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் 4 விழுக்காட்டைவிடக் குறைவு! இது சான்று அல்ல, அனுமானம் என்பதைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். ஆனால் முதல் நூறு ஆண்டில் ஏன் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, மூன்றாம் நூற்றாண்டில் ஏன் அரசுக்கு அது பெருஞ்சிக்கலானது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் விளக்க முடிந்ததில்லை.

சிக்கல் ஆனது உண்மை. 249இன் இறுதியில் பேரரசர் டீசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாக அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன. விண்ணப்பம், சாட்சிக் கையொப்பம், தேதி எல்லாம் உண்டு. முதலைத் தெய்வத்தின் பூசாரியாக இருந்த ஒரு பெண்கூடத் தான் தெய்வத்தை வணங்குவதாகச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். அலுவலக நடைமுறை என்றால் அப்படித்தான்.

மறுபடியும் அதே மாகாணம்

303ஆம் ஆண்டு. பிளினி தீயணைப்புக் குழு கேட்டு மறுக்கப்பட்ட அதே நிக்கோமீடியா இப்போது பேரரசர் டயோக்ளீசியனின் தலைநகர். அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும் மேட்டில் கிறித்தவர்களின் கோயில் நிற்கிறது. இருநூறு ஆண்டுகளில் எவ்வளவு மாற்றம் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். பிப்ரவரி 23 அன்று காவலர்கள் வந்து சில மணி நேரத்தில் அதை இடித்துத் தள்ளினர். கடைசிப் பெரும் துன்புறுத்தல் தொடங்கியது அப்படித்தான். இதைப் பதிவு செய்த லாக்டான்டியஸ், அந்நகரில் இலத்தீன் சொற்கலை கற்பித்த ஆசிரியர்.

311இல் கலேரியஸ் துன்புறுத்தலை நிறுத்திய ஆணை நிக்கோமீடியாவில் ஒட்டப்பட்டது. கான்ஸ்டன்டைனும் லிசினியசும் மிலானில் ஒப்புக்கொண்டதை அறிவிக்கும் கடிதம் 313 ஜூனில் அதே நகரில் ஒட்டப்பட்டது. அதில் கிறித்தவம் அரச மதமாக்கப்படவில்லை. கிறித்தவர் உட்பட எவரும் தாம் விரும்பும் சமயத்தைப் பின்பற்றலாம், பறித்த சொத்துகளைத் திருப்பித் தர வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். அரச மதமாகும் போக்கு 380இல் தியோடோசியஸ் பிறப்பித்த ஆணையோடுதான் உறுதிப்படுகிறது. விடைத்தாள்களில் இந்த இரண்டு ஆண்டுகளும் ஒன்றாகிவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 380க்குப் பின் கதை தலைகீழாகிறது. முன்பு துன்புறுத்தப்பட்டவர்களின் சமயம் இப்போது அரசின் கையோடு சேர்ந்து, பழைய கோயில்களை மூடும் பக்கத்தில் நிற்கிறது. இதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

325இல் கான்ஸ்டன்டைன் ஆயர்களைப் பேரவைக்கு அழைத்தார். அரசுச் செலவில் வந்து சேர்ந்தார்கள். கூடிய இடம் நீசேயா. அரங்கச் சுவர் விரிசல் விட்டதாகப் பிளினி கவலைப்பட்ட அந்த நீசேயாதான். 337இல் கான்ஸ்டன்டைன் இறக்கும் தறுவாயில் திருமுழுக்குப் பெற்றதும் நிக்கோமீடியாவின் அருகில்.

இதைக் காட்ட ஒரு கயிறு போதும். தாழ்வாரத்தில் 35 அடிக் கயிற்றைக் கட்டி, ஓர் அடி பத்தாண்டு என்று கொள்ளுங்கள். ஒரு முனை பொ.ஆ. 30, மறுமுனை 380. எட்டடிக்குச் சற்று மேல் பிளினி. இருபத்தெட்டு அடிக்கு மேல் 313. பிள்ளைகளைக் கயிற்றோரமாக நடக்கச் சொல்லுங்கள். எந்த அரசனின் ஆதரவும் இல்லாத தூரத்தைக் கால்களே அளந்துவிடும்.

ரோமுக்கு வெளியேயும்

பேரரசின் எல்லையோடு பரவல் நின்றதாக எண்ணக்கூடாது. ஆர்மீனிய மன்னர் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறித்தவத்தை ஏற்றார். இன்றைய எத்தியோப்பியாவில் இருந்த அக்சும் நாட்டின் மன்னர் எசானாவின் பழைய காசுகளில் பிறையும் வட்டமும், பிந்தைய காசுகளில் சிலுவை. மதமாற்றத்தைக் காசிலேயே படிக்கலாம். பாரசீகத்தில் சிரியாக் மொழி பேசிய சபைகள் ரோமின் பகை நாட்டிலேயே வளர்ந்தன.

நம் பக்கம் பற்றி மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். திருத்தூதர் தோமா முதல் நூற்றாண்டில் வந்தார் என்பது கேரளத்துக் கிறித்தவர்களும் மயிலாப்பூரும் காத்துவரும் பழம் மரபு. அதை ‘அவர்கள் நம்பியது’ பக்கத்தில் மரியாதையோடு எழுதுகிறேன். மறுபக்கத்தில் எழுதக் கூடியவை: முசிறிக்கும் ரோமானிய எகிப்துக்கும் அக்காலத்தில் கப்பல் வழி இருந்தது, ஆகவே அப்படி ஒரு பயணம் நடக்கக்கூடியதே. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மாஸ், மிளகு விளையும் மலபாரிலும் இலங்கையிலும் கிறித்தவர்கள் இருந்ததைக் குறிப்பிடுகிறார். 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு ஆட்சியாளர் அளித்த கொடை வட்டெழுத்தில் செப்பேடாக இருக்கிறது. அதில் சாட்சிகள் அரபியிலும் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். சென்னைப் பரங்கிமலையில் உள்ள கற்சிலுவையைச் சுற்றியும் பகலவி எழுத்துகளே. சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிகள் ஒருநாள் களப்பயணமாக அதைப் பார்த்து வரலாம். எழுத்தைப் படியெடுத்து வந்து, பாரசீக எழுத்து இங்கே எப்படி வந்தது என்று கேட்டால், பித்தினியாவுக்குச் சொன்ன விடையை அவர்களே திரும்பச் சொல்வார்கள்.

குழு விவாதத்தின் முடிவில் மாணவர்கள் எழுதித் தந்த கேள்விகளில் ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது. அன்று புத்தகத்தை மூடிய மாணவி இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். இது வேறு ஒருத்தி எழுதியது: “அந்த ரெண்டு அடிமைப் பெண்களுக்கும் அப்புறம் என்ன ஆச்சு சார்?” பிளினியின் கடிதத்தில் அது இல்லை. அவர்கள் பெயரும் இல்லை.